மூலக்கொத்தளம் மயானத்துக்கு ஒரு பதிவேடு கேட்டு

வடசென்னை மூலக்கொத்தளம் மயானத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்த மயானத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோப்புகள் உங்களிடம்தான் இருக்கின்றன. மொழிப்போர் தியாகிகள் நாளான ஜனவரி 25 வந்தால் எந்தக் கட்சி எத்தனை மணிக்கு மாலை போட வரும் என்பதுகூட உங்களுக்கு அத்துப்படி. அன்றைக்குத் தாளமுத்து, நடராசன் நினைவிடம் வரைக்கும் பாதை பளிச்சென்று இருக்கும். ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் கோடு இழுத்திருப்பார்கள். அந்தக் கோடு முடிகிற இடத்தைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

கோரிக்கை ஒன்றுதான். மயானத்தில் மிச்சமிருக்கும் நிலத்தை அளந்து, குழிகளுக்கு வரிசையும் எண்ணும் கொடுத்து, யார் எங்கே இருக்கிறார் என்று எவரும் வந்து பார்க்கும்படி ஒரு பதிவேடும் வரைபடமும் வையுங்கள்.

போன மழைக்காலத்தில் என் பெரியப்பா காலமானார். "உங்க பெரியம்மா பக்கத்துலயே என்னை வெச்சிடுங்கடா" என்பதைத் தவிர அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. பெரியம்மாவைப் புதைத்தபோது அடையாளத்துக்கு எங்களுக்கு இருந்தது ஒரு வேப்பமரமும் அதற்குத் தெற்கே பதித்த ரெண்டு செங்கல்லும்தான். பெரியவரை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, வாசலில் ஷாமியானா கட்டச் சொல்லிவிட்டு, அவர் மகனும் நானும் இடம் பார்க்கப் போனோம். வேப்பமரத்தைக் காணோம். கட்டட இடிபாட்டை அடித்து மண்ணை உயர்த்தியிருந்தார்கள். அதன்மேல் கருவேல முள்.

கையில் பெரியம்மாவின் சுடுகாட்டு ரசீது இருந்தது. லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தது. பெயர், வயது, தெரு, இறந்த தேதி, சடலத்தைக் கொண்டுவந்தவர் கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. எந்தக் குழி என்பதற்கு மட்டும் கட்டமே இல்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு, "அதெல்லாம் எழுதுற வழக்கம் இல்லைங்க" என்று பதில்.

குழி தோண்டுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். முழங்கால் அளவு சேற்றில், கையில் உறைகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். "எங்கனா ஒரு எடத்தக் காட்டு நைனா, தோண்டிடறேன். உள்ள யாரு இருப்பாங்கன்னு கேக்காத" என்றார். நாங்கள் குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டினோம். ரெண்டடி போனதும் மண்வெட்டியில் ஒரு குழந்தையின் கொலுசு வந்தது. அப்படியே மூடிவிட்டு, கொஞ்ச நேரம் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் பெரியப்பாவை மதில் ஓரமாகத்தான் வைத்தோம். ஒரே மயானத்தில் இருக்கிறார்கள் என்று வீட்டில் பெண்களிடம் சொல்லிச் சமாளித்தாயிற்று.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்றால் மடல் எழுதியிருக்க மாட்டேன். நடராசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1938-ல் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது மறியல் செய்து டிசம்பரில் கைதானவர். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள், மறுத்துவிட்டார். 1939 ஜனவரி 15 அன்று பொது மருத்துவமனையில் உயிர் போனது. அதே வருஷம் மார்ச்சில் கும்பகோணத்துக்காரர் தாளமுத்துவும் அதே மாதிரி கைதியாகவே போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் பிப்ரவரியில் அந்த இந்தி உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இருவரும் இறந்தபோது பதவியோ பட்டமோ இல்லாத சாதாரண ஆட்கள். வடசென்னையின் எளிய மனிதர்களோடு மனிதர்களாக இந்த மண்ணுக்கு வந்தார்கள். மரியாதை எல்லாம் பிறகு வந்தது.

தருமாம்பாள் அம்மையாருக்கும் இங்கேதான் நினைவிடம். சித்த மருத்துவர். 1938 நவம்பரில் சென்னையில் கூடி ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்று பட்டம் கொடுத்த பெண்கள் மாநாட்டை நடத்தியவர்களில் ஒருவர். தமிழாசிரியர்களுக்கு மற்ற ஆசிரியர்களுக்குச் சமமாகச் சம்பளம் கேட்டு 'இழவு வாரம்' என்று போராட்டம் அறிவித்த ஆள். இவர்கள் மூவருக்கும் கல் இருக்கிறது, பெயர் இருக்கிறது. ஆனால் அந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கைக்குழந்தையோடு போன பெண்களும் உண்டு. அதில் எத்தனை பேர் பிறகு இந்தப் பக்கத்திலேயே வாழ்ந்து, இதே மண்ணில் கல்லில்லாமல் கிடக்கிறார்கள்? பின்னி ஆலையில் நூல் இழுத்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், பேசின் பிரிட்ஜில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள் என்று இந்த ஊரைக் கட்டிய கைகள் எல்லாம் அந்த முள்ளுக்குக் கீழேதான் இருக்கின்றன. பதிவேடு இருந்தால்தானே யார் யார் என்று தேட முடியும்?

2018 வாக்கில் மயான நிலத்தில் அடுக்குமாடி கட்டப்போவதாகச் செய்தி வந்தபோது எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது என்பதும் உங்களுக்குத் தெரியும். வீடு வேண்டாம் என்று சொல்கிற வசதி எனக்குக் கிடையாது. குடிசையில் இருக்கிறவர்களை வாரிக்கொண்டுபோய்க் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கிவிடுவதைவிட, பிறந்த பேட்டையிலேயே மாடி வீடு கொடுப்பது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வீட்டுக்கு இடம் என்றால் ஏழையின் சுடுகாடுதான் எல்லோர் கண்ணுக்கும் முதலில் படுகிறது. குதிரை ஓடவும் கோல்ஃப் ஆடவும் கிண்டியில் எத்தனை காலம் ஏக்கர் ஏக்கராக இடம் இருந்தது! இங்கே மட்டும் எங்கள் பேரனுக்கு வீடா, எங்கள் பாட்டனுக்குக் குழியா என்று எங்களையே எதிரெதிரே நிறுத்துவார்கள். மெரினாவில் தலைவர்கள் துயிலும் இடத்தில் புல் வாடினால் தண்ணீர் ஊற்ற ஆள் ஓடி வருகிறது. இங்கே குழிக்குள்ளேயே தண்ணீர் நிற்கிறது. அந்த வகையில் எங்களுக்கும் நீர்வளம் உண்டு என்று திருப்தி அடைய வேண்டியதுதான் போலிருக்கிறது.

இன்னொன்று. எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை இருக்கிறது. நகரத்தில் எந்த நிலத்தில் எத்தனை மாடி கட்டலாம் என்று வரைபடத்தை விரித்துப் பார்க்கிற இடம் அது. அவர்கள் பெயர் வைத்த மாளிகையில் ஊருக்கே வரைபடம் இருக்க, அவர்கள் படுத்திருக்கும் மயானத்துக்கு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்படி ஒரு பதிவேடு நடக்காத காரியமா? நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே இருக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரிக் கல். பெயர், படை, இறந்த தேதி. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒரு பேரப்பிள்ளை பெயரைத் தட்டினால் எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று வந்துவிடும். அவர்கள் சிப்பாய்கள், பராமரிக்கத் தனி ஆணையம் இருக்கிறது, அது வேறு என்பீர்கள். வேறுதான். நாங்கள் கல்லோ புல்வெளியோ கேட்கவில்லை. எண்ணைத்தான் கேட்கிறோம்.

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடும் வேண்டாம். சர்வேயரை அனுப்பி எல்லையை அளந்து கல் நடுங்கள். இனி வரும் ரசீதில் வரிசை எண், குழி எண் என்று ரெண்டு கட்டம் சேருங்கள். கல்லோ சிலுவையோ சூலமோ நட்டிருக்கும் பழைய குழிகளைப் படம் எடுத்துப் பதிவு செய்யுங்கள். அது முடியும்வரை இடிபாட்டு மண் அடிப்பதை நிறுத்திவையுங்கள். வாசலில் இந்த மயானத்தின் வரலாற்றை நாலு வரியில் எழுதி ஒரு பலகை வைத்தால் நன்றாக இருக்கும். வைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, பதிவேடு வேண்டும்.

உங்களுக்கு இருக்கும் வேலைப் பளு எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தயவுசெய்து அடுத்த ஜனவரி 25-க்கு முன்னால் அளவெடுக்கும் வேலையையாவது தொடங்குங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஆள் வரும் தேதியை ஒரு வாரம் முன்னால் வாசலில் ஒட்டிவிடுங்கள். எந்த மரம் எங்கே இருந்தது, எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வண்ணாரப்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டோ வைத்து அழைத்து வருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
இந்த மண்ணில் உறவுகளைப் புதைத்த வடசென்னைக்காரன்