டின்னைத் திறந்துவிட்டேன் அண்ணா

அண்ணா,

உன் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை வந்தது. வரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்னால் அந்த டின்னைத் திறந்துவிட வேண்டும் என்று தோன்றியது. டாக்டர் சொல்லிப் பைப் பிடிப்பதை விட்டபோது, ஒரு வரிகூட எழுதாமல் பார்சலில் அனுப்பினாயே, அந்தச் சிவப்பு பிரின்ஸ் ஆல்பர்ட் புகையிலை டின். ரெனால்ட்ஸ் கம்பெனி 1987-இல் அந்தப் பெயரை மிடில்டன் கம்பெனிக்கு விற்பதற்கு முன்பு அடைத்தது.

உள்ளே இலை மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. ஒரு கிண்ணத்தில் பரப்பி, ஈரத்துணி போட்டு ராத்திரி மூடி வைத்தேன். காலையில் விரலால் அழுத்தினால் நொறுங்கவில்லை, மெதுவாக விரிந்தது. முகர்ந்தால் வைக்கோல் வாசனை, அதற்கடியில் லேசாகக் கோகோ. என் பிரையர் மரப் பைப்புகளில் பழைய கலவைகளின் வாசனை ஊறிப்போயிருக்கிறது. இதற்கென்று தனியாக மக்காச்சோளக் கட்டையில் செய்த பைப் ஒன்று வாங்கினேன். மிசௌரியில் 1869-லிருந்து செய்துவருகிறார்களே, அதுதான். சிரிப்பாய். சிரி.

முதல் பாதியில் வறுத்த வேர்க்கடலையைத் தோலோடு மென்றது போன்ற ருசி. இனிப்பு தேடினால் கிடைக்காது. இந்த டின்னில் இருப்பது பர்லி, உங்கள் கென்டக்கிப் பக்கத்து இலை. அதைக் கொட்டகையில் வாரக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டுத்தான் காயவைக்கிறார்கள். அதற்குள் இலையிலிருக்கும் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. எங்கள் வட கரோலினா இலையைச் சூடேற்றிய கொட்டகையில் வேகமாகக் காயவைப்பதால் சர்க்கரை தங்கிவிடுகிறது. அவசரமாக இழுத்தால் நாக்கு பொத்துப்போவதும் அதனால்தான். பர்லிக்கு இன்னொரு குணம், எதை ஊற்றினாலும் குடித்துக்கொள்ளும். அந்தக் கோகோ வாசனை இலையின் சொத்து இல்லை, மேலே தெளித்தது. ஒஹையோ ஆற்றுக்கு அக்கரையில் 1864-இல், கென்டக்கி விதையிலிருந்து வெளிறிய பர்லி நாற்று முளைத்த கதையை நீ எத்தனையோ தரம் சொல்லியாயிற்று, அதை விடு. ஆனால் ஒன்று உனக்குத் தோன்றியிருக்கிறதா? ரெனால்ட்ஸ் இருந்தது வின்ஸ்டன்-சேலத்தில். உன் பக்கத்து இலை, என் பக்கத்து ஆலை.

அந்தச் சாயங்காலமும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாய். உன் வீட்டுப் பின்பக்கம் நீ, நான், உன் சூப்பர்வைசர். எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. லடாக்கியா இலை போட்ட ஆங்கிலக் கலவைகளைப் பிடித்து, பெரிய ரசிகனாகிவிட்ட நினைப்பு. புகைந்துகொண்டிருந்த பைப்பை நீட்டி, "எப்படிடா இருக்கு, சொல்லு" என்றாய். இரண்டு இழுப்பு இழுத்தேன். இதில் ருசி என்று ஒன்றுமே இல்லை என்று இங்கிலீஷில் சொன்னேன், அவருக்கும் புரியட்டும் என்று. அவர் சிரித்தார். நீ பைப்பைத் திரும்ப வாங்கி, வாய் வைக்கும் இடத்தைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தாய்.

மொட்டைமாடியில் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுத்தபோதுகூட நீ துடைத்ததில்லை.

இங்கிலீஷில் சொன்னதற்கு மன்னித்துக்கொள். சொன்னதற்கு இல்லை. கேட்டது நீ. தவிர, லடாக்கியா என்பது விறகுப்புகையில் வாட்டிய இலை. அதிலேயே ஊறிய நாக்குக்கு இரண்டு இழுப்பில் பர்லி பிடிபடவே பிடிபடாது. இன்னும் கொஞ்சம் பிடித்துப் பாருடா என்று நீயும் சொல்லியிருக்கலாம். நீ சொல்லமாட்டாய். மனதுக்குள் வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கு கழித்து பார்சல் அனுப்புவாய்.

மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைத்த மலிவான புகையிலை அது. நீ ஏன் அதையே பிடித்தாய் என்று எனக்குத் தெரியும். மாதாமாதம் நீ ஊருக்கு அனுப்பிய பணத்தில் என் ஃபீஸும் இருந்தது. அதை ஒருநாளும் நீ சொல்லிக்காட்டியதில்லை என்று அம்மா சாகும்வரை பெருமையாகச் சொன்னாள். சொல்லாமலே சொல்லிக்காட்டுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவளுக்குத் தெரியாது. வீட்டு விஷயத்துக்குள் நான் போகவில்லை. நம் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இதைப் படிக்கிறார்கள், மீதிப் பேருக்கு அவர்கள் அனுப்பிவைப்பார்கள். அண்ணி, உங்களை நான் எதுவும் சொல்லவில்லை.

சரி, தீர்ப்பு. நாக்கைக் கடிக்காது என்பதுதான் இதற்கு அந்தக் காலத்து விளம்பரம். பழைய டின்களில் 1907 ஜூலை 30 என்று பேடன்ட் தேதியே அச்சடித்திருக்கும். முக்கால்வாசி உண்மை. அடியில் கால் பங்கு மிஞ்சும்போது கசப்பும் ஈரமும் சேர்ந்து தொண்டையைப் பிடிக்கிறது. அந்த இடத்தில் கொட்டிவிட வேண்டும், நீ கடைசிச் சாம்பல் வரைக்கும் உறிஞ்சுவாய். உட்கார்ந்து ரசிப்பதற்கான புகையிலை இல்லை இது. பைக் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டோ, வரிக்கணக்கு பார்த்துக்கொண்டோ பிடிப்பதற்கு. நடுவில் அணைந்தால் மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளாது. அப்படிப் பிடித்தால் நன்றாகவே இருக்கிறது. ரொம்ப நன்றாக என்று எழுதச் சொன்னால் எழுதமாட்டேன். கோகோவை இன்னும் குறைத்திருக்கலாம். லடாக்கியாவை நான் விடப்போவதுமில்லை.

மிச்சத்தைத் திருப்பி அனுப்பமாட்டேன். லூயிவிலுக்கு வரும்போது எடுத்தும் வரமாட்டேன், எடுத்து வந்தால் நீ ஒரே ஒரு தடவை என்பாய். உன் மூச்சைப் பற்றி அண்ணி போனில் சொன்னாள். அதையும் இங்கே எழுத விருப்பமில்லை.

முகூர்த்தத்துக்கு வந்துவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடுவேன், மாடி அறையை எனக்காக ஒழிக்க வேண்டாம். அப்புறம், உன் சூப்பர்வைசரையும் கூப்பிட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு.

உன் தம்பி