ஏழாவது போட்டோல நீ நிக்கறடி

அன்புள்ள வசந்தி,

நீ அனுப்புன 23 போட்டோவையும் நேத்து ராத்திரி உக்காந்து ஒண்ணு ஒண்ணா பாத்தேன். முட்டி வலி எப்படி இருக்கு, மாடிப்படி ஏற முடியலன்னுதான் வீட்டையே விக்கறேன்னு எழுதியிருந்த, ஆனா பரண் மேல இருக்கறதைக் கூட போட்டோ எடுத்து அனுப்பியிருக்கியே, அதுக்கு எப்படி ஏறுனன்னு புரியல. ஏழாவது போட்டோல பெட்ரூம் பீரோ கண்ணாடியில நீயே நிக்கற, தலையில டவல் சுத்திக்கிட்டு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு போனைப் பிடிச்சுக்கிட்டு. சிரிச்சு சிரிச்சு இவர் எழுந்து வந்து என்னாச்சுன்னு கேக்கற அளவுக்கு ஆயிடுச்சு.

ஆனா சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லடி. போன வருஷம் எங்க வீட்டை விக்கப் போட்டப்ப முதல்ல எடுத்த போட்டோ உன்னுதை விட மோசம். புரோக்கர் ஒரு பையனை அனுப்புனார், அவன் மத்தியானம் வந்தான், செருப்பைக் கழட்டுனான், போன் கேமராவுல அகலமா காட்டுற 0.5 வெச்சு சடசடன்னு பத்தே நிமிஷத்துல எடுத்துட்டுப் போயிட்டான். போட்டோல எங்க ஹாலைப் பாத்தா உள்ள கிரிக்கெட் ஆடலாம் போல இருந்துது, எனக்கே ஆசையா இருந்துது போ. பாக்க 11 பேர் வந்தாங்க. வந்தவங்க அத்தனை பேரும் வாசப்படியில நின்னு உள்ள எட்டிப் பாத்ததும் முகம் சுருங்கிடும், அப்புறம் மரியாதைக்கு கிச்சன் வரைக்கும் ஒரு நடை நடந்துட்டு போயிடுவாங்க. ஒருத்தர் நேராவே கேட்டார், "மேடம், போட்டோல இருக்கறது இந்த ஹாலா, வேற ஹாலா?"ன்னு. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

அப்புறம் அக்கா பையன்தான் புரிய வெச்சான், அவனுக்கு கேமரா பைத்தியம்னு உனக்குத் தெரியும்ல. நிறைய போன்ல அந்த 0.5ங்கறது 13 எம்எம் லென்ஸ் மாதிரியாம், எம்எம் குறையக் குறைய அகலம் ஜாஸ்தி, கிட்டத்தட்ட 120 டிகிரி வாரிப் போட்டுக்கும், சாதாரண 1x 24, 26 எம்எம் கிட்ட. அகலமா வாரும்போது ஓரத்துல இருக்கறது இழுபடும், எதிர் சுவரு எங்கயோ தள்ளிப் போயிடும். எங்க சோஃபா படகு மாதிரி நீண்டு கெடந்ததுக்கு அதுதான் காரணம். வீடு விக்க படம் எடுக்கறதையே தொழிலா வெச்சிருக்கவங்க பெரிய கேமராவுல 16ல இருந்து 24 எம்எம்குள்ளதான் பெரும்பாலும் வெச்சுப்பாங்களாம். அதனால நீ 1xலயே எடு, ரூம் மூலையில இல்லன்னா வாசப்படியில முதுகு இடிக்கற வரைக்கும் பின்னாடி போய் நின்னுக்க. பாத்ரூம்ல வேற வழியே இல்ல, அங்க மட்டும் 0.5 வெச்சுக்கலாம், அதுலயும் ஓரத்துல பக்கெட் கிக்கெட் வராம பாத்துக்க, பீப்பா மாதிரி தெரியும்.

அப்புறம் உன் படத்துல எல்லாம் சுவரு சாயுது, கவனிச்சியா? நீ கண்ணு உயரத்துல பிடிச்சு கீழ சாய்ச்சு எடுத்திருக்க. நெஞ்சு உயரத்துக்கு, ஒரு நாலடின்னு வெச்சுக்கயேன், இறக்கி போனை நேரா நிமித்திப் பிடி. செட்டிங்ஸ்ல கிரிட்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணா குறுக்கும் நெடுக்கும் கோடு வரும், கதவு நிலை அந்தக் கோட்டோட ஒட்டி நின்னா படம் நேரா இருக்குன்னு அர்த்தம். கிச்சன்ல மட்டும் கொஞ்சம் உசத்திக்க, மேடை மேல்பக்கம் தெரியணும். போனைப் படுக்க வெச்சு எடு, அதுக்கு முன்னாடி லென்ஸைத் துடை, புடவைத் தலைப்புல துடைச்சா கூட போதும், உன் படம் பாதி மங்கலா இருக்கறது எண்ணெய்க் கையாலதான்.

லைட் விஷயம் எனக்கு ரொம்ப நாள் புரியல. பல்பு மஞ்சள், அது 2700, 3000 கெல்வின்ங்கறாங்க (வெளிச்சத்தோட நிறத்துக்கு ஒரு அளவு, எண் ஏற ஏற நீலம்), ஜன்னல் வெளிச்சம் 5500க்கு மேல, ரெண்டும் ஒரே ரூம்ல கலந்தா கேமரா முழிக்குது, வெள்ளைச் சுவரு ஒரு பக்கம் மஞ்சளாவும் ஒரு பக்கம் நீலமாவும் நோயாளி மாதிரி வருது. எல்லா லைட்டையும் போட்டுத்தான் எடுக்கணும்னு சொல்றவங்களும் இருக்காங்க, எனக்கு அது ஒத்து வரல. நான் அத்தனை ஸ்விட்சையும் அணைச்சுட்டு திரையை ஒதுக்கிட்டு காலையில எடுத்தேன், ஜன்னல் பக்கவாட்டுல இருக்கற மாதிரி நின்னுக்கிட்டு. ஜன்னலுக்கு நேரா நின்னே ஆகணும்னா கேமராவுல எச்டிஆர்னு இருக்கறதைப் போட்டுக்க, அது வெளிச்சமான இடம், இருட்டான இடம் ரெண்டையும் சேத்து சரி பண்ணும், இல்லன்னா ஜன்னல் வெறும் வெள்ளையா வெந்து போயிடும். ஃபேனை நிறுத்து! ஸ்டாண்டுல வெச்சு, கேமரா அரை செகண்டு வெளிச்சத்தை வாங்கற மாதிரி எடுக்கறப்ப ஃபேன் ஓடுச்சுன்னா சீலிங்ல சாம்பல் வட்டமா கோலம் போட்ட மாதிரி விழுது.

இதெல்லாம் கூட ஒரு நாள் வேலைதான், சாமானை ஒதுக்கறதுதான் என்னைக் கொன்னுடுச்சு. பத்து நாள் ஆச்சு. ஃப்ரிட்ஜ் மேல இவரோட மாத்திரை டப்பா வரிசை, கதவுல காந்தம் வெச்சு ஒட்டுன பில்லு, கொடியில துணி, மேடையில கவுத்து வெச்ச பாத்திரம், ஒண்ணு ஒண்ணா எடுத்து அட்டைப் பொட்டியில போட்டேன். சுவத்துல இருந்த குடும்பப் படத்தை எல்லாம் கழட்டுனதும் ஆணி ஓட்டை பளிச்னு தெரிஞ்சுது, படம் இருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமா புது பெயின்ட் மாதிரி, மத்த சுவரு அழுக்கு. பட்டி வெச்சு அந்த ஒரு சுவரை மட்டும் அடிச்சோம். அம்மா வந்து பாத்துட்டு "என்னடி, வேத்து வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு"ன்னாங்க. எனக்கு சுருக்குன்னுதான் இருந்துது, ஆனா வாங்க வர்றவ தன் படத்தை எங்க மாட்டலாம்னு பாக்க வர்றா, அங்க என் மாமனார் முறைச்சுக்கிட்டு இருந்தா அவளுக்கு எப்படித் தோணும், சொல்லு.

அழகுக்கு மட்டும் இல்ல. பையனோட சர்டிபிகேட், நாள் குறிச்சு வெச்ச காலண்டர், சாவி மாட்டுற ஆணி இதெல்லாம் படத்துல வரவே கூடாது. உன் மூணாவது படத்துல வாசக்கதவு சாவிக்கொத்து பல்லோட தெரியுது. சிரிக்காத, 2008ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ ஆளுங்க 195 அடி தள்ளி இருந்து சாவியைப் படம் எடுத்து, அதை வெச்சே மாத்து சாவி செய்ய முடியும்னு காட்டியிருக்காங்க. போன்ல லொக்கேஷனையும் ஆஃப் பண்ணிட்டு எடு, படத்துக்குள்ளயே இடம் பதிஞ்சுடும்.

இதுல நான் இன்னொரு கோமாளித்தனமும் பண்ணேன். எல்லாம் காலி ஆனதும் வெறிச்சுனு இருக்கேன்னு குஷன், பூ ஜாடி, கண்ணாடி பொம்மைன்னு வாங்கி அடுக்குனேன், பாத்தா ஃபர்னிச்சர் கடை மாதிரி ஆயிடுச்சு, திரும்ப எடுத்து உள்ள வெச்சேன். கடைசியில ஜன்னலோரமா பழைய மர நாற்காலி ஒண்ணு, பக்கத்துல ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். அந்தப் படத்தைத்தான் முதல் படமா போட்டோம்.

மாடி ரூம் சீலிங்ல தண்ணி ஒழுகுன கறை ஒண்ணு இருந்துது. புரோக்கர் "அதை கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம்மா"ன்னார். தெருவுல நிக்கற வண்டியை அழி, வேணாங்கல, நாளைக்கே வண்டி போயிடும். கறை போகுமா? காலி ரூம்ல கம்ப்யூட்டரே சோஃபா கட்டில் போட்டுக் காட்டுதாம், அதையும் பண்ணலாம்னார், அப்படிப் பண்ணா படத்துலயே எழுதிடணும்னேன், பேசாம போயிட்டார். ஒழுகலை அடைச்சோம், பெயின்ட் அடிச்சோம், வந்தவங்க கிட்ட இங்க ஒழுகுச்சு, சரி பண்ணியாச்சுன்னு நானே காட்டுனேன். புதுப் படம் போட்டப்புறம் வந்தது நாலே பேர். மூணாவதா வந்த அம்மா உள்ள வந்ததும் வேற எங்கயும் போகல, நேரா அந்த நாற்காலியில போய் உக்காந்துட்டாங்க, அவங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு குழாயா திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்தார். கால் மணி நேரம் கழிச்சு அந்தம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு, நாற்காலியும் சேத்து குடுப்பீங்களான்னு. குடுத்துட்டேன். இங்க புது வீட்டுல பொட்டி பாதி இன்னும் பிரிக்கவே இல்ல, அந்த நாற்காலியைத்தான் அப்பப்ப தேடுறேன்.

நீ திரும்ப எடுத்து அனுப்பு, வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாத, டாக்குமென்டா அனுப்பு, இல்லன்னா குறுக்கி விட்டுடும். 23 வேணாம், 12 போதும், பரண் கண்டிப்பா வேணாம். ஆளுங்க வர்ற அன்னிக்கு பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிட்டு வாடை எதாவது வருதான்னு கேளு, நம்ம வீட்டு வாடை நம்ம மூக்குக்குத் தெரியாது. பீரோ கண்ணாடியை நேரா பாத்து எடுக்காத, கொஞ்சம் தள்ளி சாய்வா நின்னுக்க. அந்த ஏழாவதை மட்டும் அழிச்சிடாத, பிரின்ட் போட்டு எனக்கு அனுப்பு, இங்க சுவரு எல்லாம் காலியாத்தான் இருக்கு.

உன்,
தேவி