ஆயிரத்திலேயே நிற்கும் பென்ஷன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவையில் மில்கள் மூடிய பிறகு அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய மனைவிமார் சிங்காநல்லூர், பீளமேடு பக்கம் லைன் வீடுகளில் தனியாக இருக்கிறார்கள். கையில் வருவது பி.எஃப். பென்ஷன், பலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய்.

இந்தப் பென்ஷனைத் தரும் 1995 ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சம் ஆயிரம் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். அதோடு சரி. அரசு ஊழியர் பென்ஷனுக்கு விலைவாசியைப் பார்த்துப் பஞ்சப்படி ஏறும். இதில் பஞ்சப்படி என்பதே கிடையாது.

எங்கள் தெருவில் எழுபது தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். நியாயமாகச் சொன்னால் அரசு செய்வதும் நிறைய. ரேஷன் அரிசி இலவசம், டவுன் பஸ் இலவசம், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. இடிப்பது ரொக்கம்தான். வாடகையை மகள் கொடுக்கிறார். ஒரு மாதம் வரும், ஒரு மாதம் இழுக்கும். லைன் வீட்டில் தனி மீட்டர் இல்லை, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று கணக்குப் போட்டு வாங்குகிறார். நூறு யூனிட் இலவசமெல்லாம் அந்த அம்மா கண்ணில் படுவதே இல்லை. சித்திரை வெயிலிலும் பகலில் ஃபேன் போடாமல் வாசல்படியில்தான் உட்கார்ந்திருப்பார்.

முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்துப் பார்த்தார். ஏற்கெனவே பென்ஷன் வருகிறதே என்று தள்ளிவிட்டார்கள். அந்த உதவித்தொகை 2023 முதல் 1,200 ரூபாய். புருஷன் மில்லில் உழைத்து, அவர் பேரில் பென்ஷன் நிதிக்குப் பணம் போனதற்குப் பலன் இருநூறு ரூபாய் குறைவு! 1,200 வாங்குகிறவர்கள் மேல் எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்றும் இல்லை, அதுவே பத்தாது.

பென்ஷனர் சங்கங்கள் 7,500 ரூபாயும் பஞ்சப்படியும் கேட்டு டெல்லி வரை போய்ப் போராடிவிட்டன. அது எப்போது வருமோ! அதுவரை, தனியாக வசிக்கும் முதியவரின் பென்ஷன் 1,200-க்குக் கீழே இருந்தால் மனுவைத் தள்ளாமல் குறைகிற தொகையையாவது மாநில அரசு கொடுக்கட்டும். இருநூறு ரூபாயா என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்த அம்மாவுக்கு அது ஒரு மாதக் கரண்ட் காசு. சட்டமெல்லாம் திருத்த வேண்டியதில்லை, ஓர் அரசாணை போட்டால் தாசில்தார் அலுவலகத்திலேயே முடிந்துவிடும்.

– ஒரு வாசகர், சிங்காநல்லூர், கோவை