அப்பாவுக்காகப் பாடியவர்களுக்கு நன்றி

எங்கள் அப்பாவின் இறுதிக்கிரியை தொடங்கி, கீரிமலைக் கடற்கரையில் நடந்த 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டி வரை கூட நின்ற எல்லோருக்கும் எங்கள் நன்றி. பந்தல் போட்ட பெடியள், அடுப்பு மூட்டாத நாட்களில் முறை வைத்துச் சாப்பாடும் தேத்தண்ணியும் கொண்டுவந்த அயலட்டைச் சனம், வெளிநாட்டிலிருந்து அழைத்துப் பேசிய சொந்தங்கள், ஒருவரையும் நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் இந்த மடல் முக்கியமாகப் பாட வந்தவர்களுக்குத்தான்.

சைவர்களின் செத்தவீட்டில் சுண்ணம் என்ற வாசனைப் பொடியை இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடுவது எங்கள் யாழ்ப்பாணத்து வழமை. எத்தனையோ வீடுகளில் தள்ளி நின்று கேட்டிருக்கிறேன். இந்த முறை உரல் எங்கள் முற்றத்தில் இருந்தது. மாணிக்கவாசகர் அந்த 20 பாடல்களையும் சாவை நினைத்துப் பாடவில்லை. இறைவன் நீராடப் பெண்கள் கூடிப் பொற்சுண்ணம் இடிக்கிற கொண்டாட்டம் அது. அப்பாவுக்குப் பக்கத்தில் அதைக் கேட்க, அவரை ஒரு நல்ல காரியத்துக்கு ஆயத்தப்படுத்தி அனுப்புகிறோம் என்றே எனக்குப் பட்டது. விடியத்தொடக்கம் வாய் திறக்காமல் இருந்த தம்பி, உலக்கையைப் பிடித்தபடி பாட்டோடு சேர்ந்துகொண்டான். திருமுறை ஓதிய ஐயா, அவனுக்காக நீங்கள் வேகத்தைக் குறைத்ததை நாங்கள் கவனித்தோம்.

அப்புறம் எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு வரைக்கும் மாலையில் விறாந்தையில் பாய் விரித்து, திருவாசகத்தின் முதற்பாட்டான சிவபுராணம் படித்தோம். தனியே படித்தால் என்னால் ஐந்தாறு அடியைத் தாண்ட முடியவில்லை, தொண்டை அடைத்துவிடும். கூடிப் படிக்கும்போது நான் நின்றாலும் பாட்டு நிற்கவில்லை. அழுது முடித்துவிட்டு, நீங்கள் போய்ச் சேர்ந்திருந்த அடியில் வந்து சேர்ந்துகொள்ளலாம். ஆறுதல் வார்த்தைகளைவிட அதுதான் என்னைத் தாங்கியது. அம்மாவும் அப்படித்தான் ஒரு மாலை மெல்லச் சேர்ந்தார்.

பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா, உங்களுக்குப் பாட்டு தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு மாலையும் அம்மாவின் கையைப் பிடித்தபடி கடைசி வரை இருந்தீர்கள். கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் பாடிய அண்ணாவின் குரல் எப்போதும் ஓரடி பிந்தியே வந்தது. அவர் வந்து சேரும்வரை பொறுத்து அடுத்த அடியைத் தொடங்கிய உங்கள் எல்லோருக்கும் அவருடைய நன்றியும் சேரட்டும்.

நாவற்குழியில் திருவாசக அரண்மனை 2018இல் திறந்த பிறகு, அப்பா அங்கே அடிக்கடி போவார். அங்கே கருங்கல்லில் வெட்டிய திருவாசகத்தின் 658 பாடல்களையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பார். அதனால்தான் அந்தியேட்டிக்கு முன், திருவாசகம் முழுவதையும் ஓதும் முற்றோதல் வைக்க ஆசைப்பட்டோம். காலையில் தொடங்கியதை இடையில் எழும்பிப் போகாமல் ஓதி முடித்தவர்களுக்கு, குறிப்பாக முழங்கால் வலியோடு இருந்த மாமிமாருக்கு, என்ன கைம்மாறு செய்வோம்!

வெள்ளிக்கிழமை மாலைகளில் இந்தப் பாட்டு எங்கள் வீட்டில் தொடர வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறார். விளக்கு வைத்த பிறகு தொடங்குவோம். கட்டாயம் வாருங்கள்.

மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்
கோப்பாய், யாழ்ப்பாணம்