நான்கரை மணி மணியோசை: மேல்நிலைப் பள்ளித் தாளாளர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும், முதல்வர்களுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை நான். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். பிட்யூட்டரி எங்கே இருக்கிறது, அது எந்த ஹார்மோனைச் சுரக்கிறது, எது குறைந்தால் என்ன நோய் வரும் என்பதையெல்லாம் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடையாகச் சொல்லித் தருகிறேன். அந்தச் சுரப்பிகளைத் தம் உடலில் சுமந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில், முன்வரிசையிலேயே இருவர் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் போராடுவதையும் பார்க்கிறேன். பாடத்தில் நான் சொல்வதும், பிள்ளைகளின் தூக்கத்தையும் உணவையும் குறைக்கும் பள்ளியின் கால அட்டவணை செய்வதும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது வாய்மூடி இருப்பது என் தொழிலுக்கு நேர்மையாகாது என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஜனவரியில் காலை வழிபாட்டின்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரிசையிலேயே மயங்கி விழுந்தாள். நிழலுக்குத் தூக்கி வந்து கீழிமையை லேசாக இழுத்துப் பார்த்தேன்; சிவந்திருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. ஐந்து மணிக்கு எழுந்து, ஆறு மணிக்குப் பேருந்து ஏறி, ஏழு மணிக்கு வேதியியல் தேர்வை முடித்துவிட்டு வந்து நின்றவள் அவள். பையிலிருந்த டிபன் டப்பாவைத் திறந்தேன். நான்கு இட்லிகள் வைத்தபடியே இருந்தன. மேலே தடவியிருந்த மிளகாய்ப் பொடி எண்ணெயை உறிஞ்சிக் காய்ந்து போயிருந்தது. “சாப்பிட நேரமில்லை மிஸ்” என்றாள். முந்தைய நாள் இரவு எட்டரை மணிக்குச் சாப்பிட்டதுதான் அவளுடைய கடைசி உணவு. அதாவது ஏறத்தாழ பத்தரை மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்த மூளையிடம்தான் நாம் வேதிவினைகளுக்குச் சமன்பாடு கேட்டிருக்கிறோம். உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது என்பதை அதே பிள்ளைக்கு நான்தான் பாடமாக நடத்தியிருந்தேன்.

விடுதிப் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம். என் தங்கை மகள் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்த பள்ளி ஒன்றின் கால அட்டவணை என் மேசை மேல் இருக்கிறது. அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. பெயரை மறைத்துவிட்டால் இது உங்களில் பலருடைய அட்டவணையாகவும் இருக்கும். அதிகாலை 4.30 மணிக்கு எழுப்பும் மணி. 5 முதல் 7 வரை ஸ்டடி. 7.15 மணிக்குத் தேர்வு. 8 மணிக்குச் சிற்றுண்டி. 8.45 முதல் 5 மணி வரை வகுப்பு. 5.30 முதல் 8 வரை மீண்டும் ஸ்டடி. இரவு உணவுக்குப் பின் 8.45 முதல் 10.45 வரை இன்னொரு ஸ்டடி. பல் துலக்கிப் படுக்கும்போது மணி 11 ஆகிவிடும். ஆக, கிடைப்பது ஐந்தரை மணி நேரத் தூக்கம்.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. அந்த அளவில் குறைந்ததையே, அதாவது 8 மணி நேரத்தையே, எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் என்று வாரத்தின் ஆறு நாட்களில் 15 மணி நேரம் குறைகிறது. ஏறத்தாழ இரண்டு முழு இரவுகள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்க விடுகிறோம் என்று நீங்கள் சொல்லலாம். அந்த மூன்றரை மணி நேரத்தில் இந்தக் கடன் அடைவதில்லை.

வைகறையில் எழுவது நம் மரபு அல்லவா என்று ஒரு தலைமை ஆசிரியர் என்னிடம் கேட்டார். மரபுதான், என் பாட்டியும் கோழி கூவும் முன்பே எழுந்து சாணம் தெளித்தவர். ஆனால் விளக்கு வைத்துச் சோறு உண்டு எட்டு மணிக்கெல்லாம் பாயை விரித்துவிடுவார். அந்த மரபின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபாதியை டியூப்லைட் வெளிச்சத்தில் 10.45 வரை நீட்டிவிட்டோம். இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன் மெலடோனின். கண்ணின் விழித்திரையில் படும் வெளிச்சம், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸில் உள்ள உயிர்க்கடிகாரத்துக்குச் செய்தியாகப் போய், இருட்டினால் மட்டுமே பினியல் சுரப்பி அதைத் தாராளமாகச் சுரக்கும். பதின்ம வயதில் இந்தச் சுரப்பு இயல்பாகவே ஓரிரு மணி நேரம் தாமதமாகத் தொடங்குகிறது என்பதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் தெளிவாக்கியுள்ளன. படுத்த பின்னும் தூக்கம் வராமல் புரளும் பிள்ளையும், ஐந்து மணி ஸ்டடியில் கன்னத்தைக் கையில் தாங்கித் தூங்கும் பிள்ளையும் சோம்பேறிகள் அல்லர். அவர்களுடைய உயிர்க்கடிகாரம் அந்த வயதுக்கு உரியபடி சரியாகத்தான் ஓடுகிறது. அவர்கள் முகத்தில் தண்ணீர் தெளிப்பதையும், நிற்க வைத்துப் படிக்கச் சொல்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

தூக்கம் என்பது மூளை வேலை செய்யாமல் கிடக்கும் நேரம் என்ற எண்ணம்தான் இந்த அட்டவணைகளுக்கு அடிப்படை என்று கருதுகிறேன். 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் செய்த எளிய சோதனையே அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. பொருளற்ற அசைகளின் பட்டியலை இரண்டு மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்து, விழித்திருந்த சில மணி நேரத்துக்குப் பின் எவ்வளவு நினைவிருக்கிறது, அதே அளவு நேரம் தூங்கி எழுந்த பின் எவ்வளவு நினைவிருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். தூங்கி எழுந்தபோது நினைவில் நின்றவை மிக அதிகம். பகலில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி தற்காலிகமாகப் பிடித்து வைத்தவற்றை மூளையின் மேலடுக்கான புறணிக்கு மாற்றி உறுதிப்படுத்தும் வேலை தூக்கத்தில் நடக்கிறது என்பது இன்று நன்கு அறியப்பட்ட செய்தி. மேலும், இரவின் முற்பகுதியில் ஆழ்துயில் மிகுந்திருக்கும். கனவுத் துயிலின் பெரும்பகுதி விடியலுக்கு முந்தைய மணி நேரங்களில்தான் வரும். 4.30 மணிக்கு நீங்கள் அடிக்கும் மணி அந்தப் பகுதியைத்தான் வெட்டி எடுக்கிறது. இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படிக்க வைப்பதாக நினைத்து, முந்தைய நாள் முழுவதும் படித்தது மனத்தில் தங்கும் வாய்ப்பைக் குறைத்துவிடுகிறோம்.

ஹார்மோன்களின் கணக்கு இன்னும் நுட்பமானது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு நாளில் மிக அதிகமாகச் சுரப்பது இரவின் முதல் ஆழ்துயிலின்போது. பருவமடையும் தொடக்க ஆண்டுகளில் சூலகத்தையும் விந்தகத்தையும் தூண்டும் எல்.எச். ஹார்மோன் தூக்கத்தில்தான் துடிப்பு துடிப்பாக எழுகிறது என்பது 1972லேயே பதிவாகிவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் பயிற்சி என்று சொல்லிப் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளை விடுதியில் சேர்த்து, பெரியவர்களோடு சேர்த்து அதே மணிக்கு எழுப்பும் பள்ளிகள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1999இல் சிகாகோவில் உடல்நலமுள்ள 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்க வைத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் அவர்களுடைய உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. மாலையில் தணிந்திருக்க வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் உயர்ந்தே இருந்தது. 2004இல் அதே குழுவினர் செய்த இன்னொரு ஆய்வில், இரண்டே இரவுகளின் தூக்கக் குறைவால், பசி ஆறியது என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இரவு ஸ்டடியின் இடைவேளையில் பிள்ளைகள் சிப்ஸ் பொட்டலத்துக்கும் உடனடி நூடுல்ஸுக்கும் ஏங்குவதை நாக்கின் குற்றமாகப் பார்க்காதீர்கள்.

என் தங்கை மகளுக்கு விடுதியில் சேர்ந்த ஏழாவது மாதத்திலிருந்து நான்கு மாதங்கள் மாதவிடாய் வரவில்லை. வெட்கத்தினால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பொங்கல் விடுமுறையில் என் தங்கைதான் கண்டுபிடித்தாள். பரிசோதித்த மருத்துவர் மாத்திரை எழுதுவதற்கு முன், “என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்” என்றே கேட்டார். உடலுக்கு வரும் ஆற்றல் குறைந்து, மன அழுத்தமும் சேர்ந்துகொண்டால், இப்போது கருவுறுவதற்கு ஏற்ற காலம் அல்ல என்று முடிவு செய்வதுபோல் ஹைப்போதலாமஸ் தன் சமிக்ஞையைத் தளர்த்திவிடும். பிட்யூட்டரியும் சூலகமும் அதற்கேற்ப அடங்கிவிடும். மாதவிடாய் தவறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரே விடுதி அறையில் மூன்று பிள்ளைகள் இதே நிலையில் இருந்தார்கள் என்று அவள் பின்னர் சொன்னபோது, அந்தக் காப்பாளர் அதை ஒருமுறையாவது கேட்டறிந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

உணவைப் பற்றிப் பேசும்போது இரும்புச்சத்தில்தான் தொடங்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். இரும்பு என்றால் இரத்தம் என்று மட்டுமே நினைக்கிறோம். ஊக்கத்துக்கும் கவனத்துக்கும் தேவையான டோபமைனை மூளை உருவாக்கவும், தைராய்டு தன் ஹார்மோனை உருவாக்கவும் பயன்படும் நொதிகள் இரும்பு இல்லாமல் இயங்க மாட்டா. நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறைக்கும் அது தேவை. இரும்பு குறைந்தவர்களுக்கு இரவில் கால் குடைச்சல் எடுத்துத் தூக்கம் கலைவதும் உண்டு. ஆக, உணவின் குறை தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கத்தின் குறை பசியைக் கெடுக்கிறது. இரண்டும் சேர்ந்து அந்தப் பெண்ணை வழிபாட்டு வரிசையில் விழ வைக்கின்றன.

இதைச் சரிசெய்யப் பெரும் பணம் தேவையில்லை என்பதால்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். பல விடுதிகளில் சாப்பாட்டோடு தேநீர் கொடுக்கிறார்கள். தேயிலையின் டானின் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்தால் போதும். கீரையோ சுண்டலோ வைக்கும் நாளில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ சேர்த்தால் அதே இரும்பு கூடுதலாகச் சேரும். சமையலறைக்கு மூட்டையாக வாங்கும் கல்லுப்பு அயோடின் கலந்ததுதானா என்று பாருங்கள். அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோன் இல்லை. வெள்ளைச் சோறும் நீர்த்த ரசமும் வயிற்றை நிரப்பும். ஆனால் சீக்கிரம் சர்க்கரையாகி ஏறி இறங்கிவிடும். அதே தட்டில் முட்டையோ, நிலக்கடலையோ, கெட்டியான பருப்போ, கடற்கரை மாவட்டங்களில் மலிவாகக் கிடைக்கும் மத்தி மீனோ இருக்கட்டும். அரசு தரும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்காமல், உணவுக்குப் பின் கண்முன்னே விழுங்க வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

பள்ளியில் சோறு போட்டால்தான் படிப்பு ஏறும் என்பதை நாட்டுக்குக் காட்டிய மாநிலம் இது. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் என்று அது தொடர்ந்து வந்திருக்கிறது. ஆனால் காலை உணவு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானதாகவும், சத்துணவு பத்தாம் வகுப்பு வரைக்குமானதாகவுமே வகுக்கப்பட்டன. மூளையும் ஹார்மோன்களும் மிகப்பெரும் மாற்றத்துக்கு உள்ளாகும் பதினாறு, பதினேழு வயதில் பிள்ளை தட்டை ஏந்த இடமில்லை. இது அரசிடம் கேட்க வேண்டியது, கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். அதுவரை, சிறப்பு வகுப்புக்கு அழைக்கும் பள்ளி, சிற்றுண்டியையும் தானே தர வேண்டும். அல்லது அழைக்காமல் இருக்க வேண்டும்.

போட்டித் தேர்வு நெருக்குகிறது, பெற்றோரே அதிகாலை வகுப்பைக் கேட்கிறார்கள் என்ற உங்கள் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீட் இருக்கும்வரை அந்த நெருக்கடி மெய்யானதே. ஆனால் நேரத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லையா என்று பாருங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளியது. பிள்ளைகள் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்று அங்கும் அஞ்சினார்கள். நடந்தது வேறு: அவர்களுடைய அன்றாடத் தூக்கம் 34 நிமிடம் கூடியது, ஒப்பிட்டுப் பார்த்த வகுப்பில் மதிப்பெண்ணும் கூடியது. கலிபோர்னியா மாநிலம் 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே நடைமுறைப்படுத்தியது.

நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை. இரவு உணவை 7.30க்கு முன் முடியுங்கள், 9.30க்கு மேல் ஸ்டடி வேண்டாம். 10 மணிக்கு விளக்கணைத்து, 6 மணிக்கு மணி அடியுங்கள். சிற்றுண்டிக்கு முன் எந்தத் தேர்வும் வைக்காதீர்கள். அப்போதும் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் படிக்க இடம் இருக்கிறது, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

நான் மேலே குறிப்பிட்ட அட்டவணையில் பதினேழு வரிகள் உள்ளன. எழுதல், குளியல், ஸ்டடி, தேர்வு, உணவு, விளையாட்டு என்று எல்லாம் நிமிடக் கணக்கில் இருக்கின்றன. தூக்கம் என்று ஒரு வரி அதில் இல்லை. வரும் ஜூனில் புதிய அட்டவணையை அச்சுக்குக் கொடுக்கும்போது, முதல் வரியாக அதை எழுதிவிட்டு, மற்றவற்றை எஞ்சிய பதினாறு மணி நேரத்துக்குள் பொருத்துங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஓர் உயிரியல் ஆசிரியை