"இசையில் அரசியல் வேண்டாம்" என்கிற ரேஜ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க ராக் குழுவான ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் ரசிகர்களுக்கு வணக்கம்.

குழுவின் கிட்டார் கலைஞர் டாம் மொரெல்லோ ஏதாவது ஒரு போராட்டத்தை ஆதரித்துப் பேசிவிட்டால் போதும், "கிட்டார் வாசிக்கிற வேலையைப் பாருங்க, உங்களுக்கு எதுக்கு அரசியல்?" என்று உங்களில் சிலர் கிளம்பிவிடுகிறீர்கள். 2020 நவம்பரில் பிலடெல்பியா தெருவில் டிரம்ப் ஆதரவாளர்கள் போலீஸ் ஆதரவுக் கொடியோடு இந்தக் குழுவின் 'கில்லிங் இன் த நேம்' பாட்டுக்கு ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். சிலுவை கொளுத்தும் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் ஆட்கள்தான் போலீஸ் சீருடையிலும் இருக்கிறார்கள் என்று குற்றம் சாட்டுகிற பாட்டு அது! பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

1992 நவம்பரில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கையில் எடுங்கள். பாட்டு இருக்கட்டும், முதலில் அட்டையைப் பாருங்கள். 1963 ஜூன் 11 அன்று சைகோன் நாற்சந்தியில் சம்மணமிட்டபடி எரிந்துகொண்டிருக்கும் பௌத்தத் துறவி திக் குவாங் டுக். பௌத்தர்களை ஒடுக்கிய தென் வியட்நாம் அதிபர் நியோ தின் தியெமின் ஆட்சியை எதிர்த்துத் தீக்குளித்தவர். படமெடுத்தவர் மால்கம் பிரவுன். அடுத்த ஆண்டு ஜனவரியில் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தார். இந்தப் படம் என்ன சொல்கிறது என்று தமிழ் வாசகருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதைத் தங்கள் முதல் ஆல்பத்துக்கே அட்டையாகப் போட்டவர்களிடம் போய் "நீங்கள் எப்போது அரசியலுக்கு வந்தீர்கள்?" என்று கேட்பது நியாயமா?

உள்ளே பத்துப் பாட்டு. பள்ளிப் பாடத்தில் யாருடைய வரலாறு இருக்கிறது, யாருடையது இல்லை என்று ஒன்று கேட்கிறது. 'டவுன்ஷிப் ரெபெல்லியன்' தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறது. அங்கே நிறவெறி ஆட்சி அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை. 'வேக் அப்' பாட்டில் பாடகர் ஸாக் டி லா ரோச்சா பாடுவதை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி எதையோ வாசிப்பார், கவனித்திருக்கிறீர்களா? கறுப்பின மக்களை ஒன்றுதிரட்டும் ஒரு தலைவர் உருவாகிவிடக் கூடாது என்று எஃப்.பி.ஐ. 1968 மார்ச்சில் எழுதிய ரகசியக் குறிப்பிலிருந்து எடுத்தது அது. அந்தக் குறிப்பில் பெயர் இருந்தவர்களில் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். குறிப்பு எழுதி ஒரு மாதத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 'மேட்ரிக்ஸ்' படம் முடியும்போது ஒலித்த அதே பாட்டுதான்.

"வரிகள் வேண்டாம், சத்தம் மட்டும் போதும்" என்பது உங்கள் அடுத்த வாதம். அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் பால் ரயன் 2012இல் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். நாங்கள் எந்த இயந்திரத்தை எதிர்த்துப் பாடுகிறோமோ அந்த இயந்திரத்தின் உருவமே இவர்தான் என்று மொரெல்லோ பதில் எழுதினார். நான் சொல்ல வருவது அதற்கும் மேலே ஒன்று: அந்தச் சத்தமே அரசியல்தான்.

கிட்டாரைக் காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். கம்பியின் அதிர்வை மின் ஒலியாக்கும் இரண்டு பிக்கப்பில் ஒன்றின் ஒலியை அடியோடு குறைத்துவிட்டு, மற்றதை முழுதாக வைத்து, இரண்டுக்கும் இடையே மாற்றுகிற சுவிட்சைப் படபடவென்று தட்டுகிறார் மொரெல்லோ. கிட்டார் விட்டுவிட்டு ஒலிக்கிறது, டி.ஜே. இசைத்தட்டைத் தேய்க்கிற மாதிரி. கறுப்பின இளைஞர்கள் தெருவில் வளர்த்த ஹிப்ஹாப்பின் ஒலியை ராக் கிட்டாரில் வேண்டுமென்றே கொண்டுவருகிறார். சாம்பிள் (வேறு பதிவிலிருந்து வெட்டியெடுத்த ஒலித்துண்டு), கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் பயன்படுத்தவில்லை என்று ஆல்பத்திலேயே அச்சிட்டார்கள். எம்.டி.வி.யில் ராக் ஒரு பக்கம், ராப் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்த காலம். அந்த வேலியை இந்த நால்வரும் வாத்தியத்தாலேயே உடைத்தார்கள். அதே 1992 ஏப்ரலில், கறுப்பினத்தவரான ராட்னி கிங்கை அடித்து நொறுக்கிய போலீஸ்காரர்கள் தண்டனையில்லாமல் போனதால் அவர்கள் ஊரான லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த ஊரின் கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்தச் சத்தத்தை மட்டும் எப்படித் தனியே எடுப்பீர்கள்?

ஆங்கிலம் புரியாமலே இந்த ஆல்பத்தில் விழுந்தவர்கள் உண்டு. அதில் தப்பேதுமில்லை, இசை அப்படித்தான் முதலில் வந்து பிடிக்கும். சோனியின் எபிக் நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு முதலாளித்துவத்தைத் திட்டலாமா என்று கேட்பவர்களையும் நான் மதிக்கிறேன். அது பாட்டைக் கேட்டுவிட்டுக் கேட்கிற கேள்வி.

நான் உங்களிடம் கேட்பதும் அந்த மாதிரிச் சண்டையைத்தான். கடைசிப் பாட்டு 'ஃப்ரீடம்' இருக்கிறதே, அதன் வீடியோ அமெரிக்கப் பழங்குடி உரிமைப் போராளி லியனார்ட் பெல்டியருக்காக எடுக்கப்பட்டது. பைன் ரிட்ஜ் பழங்குடி நிலத்தில் 1975இல் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர். விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று ஒரு தரப்பு, அவர்தான் கொன்றார் என்று எஃப்.பி.ஐ. கடைசிவரை. 2025 ஜனவரியில்தான் மிச்சத் தண்டனையை வீட்டுக்காவலாக மாற்றினார் பைடன். அவரை விட்டது தவறு என்று நீங்கள் நினைத்தால், அதைச் சொல்லுங்கள், வழக்கைப் படித்துவிட்டு வந்து வாதாடுங்கள், நானும் வருகிறேன். இந்தக் குழு முன்பெல்லாம் அரசியல் பேசியதே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தோழமையுடன்,
உங்களைப் போலவே ஒரு ரசிகன்