"கடவுளை யார் படைச்சா?": ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

வேலூர் வட்டாரச் சபைகளின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு, ஸ்தோத்திரம்.

போன வாரம் வகுப்பு முடிந்து வந்த என் பேத்தி, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஆயா, கடவுள் தன்னைத் தானே செஞ்சுக்கிட்டாராமே, எப்படி?" என்றாள். "கடவுளை யார் படைச்சா?" என்று கேட்டதற்குக் கிடைத்த பதிலாம். யார் சொன்னது என்பது வேண்டாம். நானும் பல வருடம் அந்த வகுப்பை எடுத்தவள்தான். "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று பிள்ளைகளின் வாயை அடைத்ததும் உண்டு.

ஆனால் தன்னைச் செய்துகொள்ள, செய்வதற்கு முன்பே அவர் இருந்தாக வேண்டுமே! இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே இடிக்கிறது.

சரி, 'சுயம்பு' என்று சொல்லலாமா? நம் ஊரில் அதற்குத் தானாகத் தோன்றியது என்று பொருள். தோன்றியது என்றாலே தோன்றாத காலம் ஒன்று இருந்ததாகிவிடும். ஒன்பதாம் குறளில் வரும் கடவுளின் எண்குணத்துக்கு உரையாசிரியர் பரிமேலழகர் சொல்லும் முதல் குணம் 'தன்வயத்தனாதல்', அதாவது யாரையும் சாராதிருத்தல். அது எவ்வளவோ கிட்டே வருகிறது.

நமக்கோ வேதத்தில் யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம் கையிலேயே இருக்கிறது. மோசே கடவுளிடம் அவர் பெயரைக் கேட்கிறார். "இருக்கிறவராக இருக்கிறேன்" என்று பதில் வருகிறது. எபிரெயத்தில் 'எஹ்யே அஷெர் எஹ்யே'. 'இருப்பேன்' என்றும் அதைப் படிக்கலாம். இரண்டு வசனத்துக்கு முன்னால் "நான் உன்னோடே இருப்பேன்" என்று வருவதும் அதே 'எஹ்யே'தான். யாரையும் சாராமல் இருப்பவர், எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரோடு கூட வந்தும் இருக்கிறார். பதினைந்தாம் வசனத்தில் தம் பெயராக அவர் சொல்வது யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கெழுத்துப் பெயர். யூதர்கள் அதை உச்சரிக்காமல் 'அதோனாய்', அதாவது ஆண்டவர், என்று வாசித்தார்கள். நம் வேதத்தில் 'கர்த்தர்' என்றிருப்பது அதனால்தான். அதோனாயின் உயிரொலிகளை அந்த நான்கெழுத்தின் மேல் ஏற்றிப் படித்ததில் பிறந்தது 'யேகோவா'. பாட்டில் பாடுங்கள், தப்பில்லை. அதுதான் மூல உச்சரிப்பு என்று மட்டும் பிள்ளைகளிடம் அடித்துச் சொல்லாதீர்கள்.

பேத்திக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் வரும் முட்செடியை மட்டும் சொன்னேன். நான் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். சீமைக்கருவேல முள்ளை அடுப்பில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் அசந்தால் தீ அடங்கி, கண்ணில் புகைதான் மிஞ்சும். "மோசே பார்த்த தீ செடியிலேயே எரிஞ்சுது. ஆனா செடியைத் தின்னவே இல்ல" என்றேன்.

"அப்போ அதுக்குப் பசிக்காதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்று ஐம்பதாம் சங்கீதத்தில் இருப்பதை எடுத்துக் காட்டினேன். காணிக்கைப் பை வரும்போது, கடவுளுக்கே நம் காசு தேவைப்படுவது போலப் பேசுகிறவர்களும் அதைக் கொஞ்சம் வாசிக்கலாம். (அப்போஸ்தலர் 17:25-ஐயும்.)

ஆகவே அடுத்த முறை யாராவது கேட்டால், "யாரும் படைக்கலை, அவர் இருக்கிறவர்" என்று சொல்லி அந்த அதிகாரத்தைத் திறந்துவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே என் பேத்தி இன்னொரு கேள்வியோடு வருகிறாள்: "எதுவுமே தேவையில்லாதவர் நம்மளை எதுக்குப் படைச்சார்?"